வம்சத்துல யாருக்கும் இல்லீங்க

எனக்கு மெல்லப் பேச வராது. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட நாலு வார்த்தை சொன்னா டிரைவர் திரும்பிப் பாப்பாரு. கல்யாணமான புதுசுல என் வூட்டுக்காரரு, "இப்போ இன்னாத்துக்கு சண்டை?"ன்னு தினம் கேப்பாரு. சண்டை இல்ல சாமி, சாதாரணமாத்தான் பேசறேன்னு அதையும் கத்தித்தான் சொல்லுவேன். காது கேக்காத அம்மா வளத்த பொண்ணு வேற எப்படிப் பேசும்?

என் தாய் வூடு சேரப்பணஞ்சேரி. வாக்கப்பட்டது மணிமங்கலம். நடுவுல படப்பை. பஸ் கெடைச்சா பக்கம், கெடைக்கலன்னா அரை நாள் போயிடும்.

அம்மா பொறக்கும்போதே காது கேக்காதவ இல்ல. ஐம்பதுகள்ல, நான் கைக்குழந்தையா இருந்தப்போ, அம்மாவுக்கு இருமல் வந்து, ரத்தம் வந்து, டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. அப்போ அதுக்குப் புதுசா ஊசி வந்திருந்துது. வெள்ளைப் பொடியைத் தண்ணியில கலக்கி இடுப்புல போடறது. ஊசி போடப் போட இருமல் நின்னுது, சோறு எறங்கிச்சு, உசிரு நின்னுது. காது மட்டும் போயிடுச்சு. கொஞ்ச வருஷம் கழிச்சு வாலாஜாபாத்துல இருந்த பெரியம்மாவுக்கும், அதான் அம்மாவோட கூடப் பொறந்த அக்காவுக்கும், அதே வியாதி, அதே ஊசி, அதே மாதிரி காது போச்சு.

ஊரு சும்மா இருக்குமா? இவங்க ரெண்டு பேரோட அப்பா கெணறு வெட்டறதுக்குப் பாம்புப் புத்தை இடிச்சவரு. அதான் நாகாத்தம்மா ரெண்டு பொண்ணுங்க காதையும் வாங்கிக்கிச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. ஊசியை யாரும் சந்தேகப்படல. உசிரைக் காப்பாத்தின ஊசியாச்சே, அதைக் கையெடுத்துத்தான் கும்பிட்டாங்க. அம்மாவும் புத்தைத்தான் நம்பிச்சு. தன் அப்பனை நெனைச்சாலே அதுக்கு மூஞ்சி சுருங்கும்.

காது கேக்காதவங்க இருக்கற வூட்டுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு. அம்மாவைக் கூப்பிடணும்னா தரையைக் காலால ஓங்கி மிதிப்போம், அதிர்வு தெரிஞ்சு திரும்பும். பேசும்போது மூஞ்சிக்கு நேரா நின்னு வாயை நல்லாத் தொறந்து பேசணும். உதடு அசையறதை வெச்சே அத்தனையும் புரிஞ்சுக்கும். அப்பா வெத்தலையை அடக்கிக்கினு பேசினா மட்டும் ஒண்ணும் தெரியாது. அதனால சண்டை வர்ற மாதிரி இருந்தா அப்பா மொதல்ல வெத்தலைப் பையைத்தான் தேடுவாரு. கெட்டிக்காரரு.

தம்பி பொறந்தது அம்மாவுக்குக் காது போன அப்புறம். அவன் அழுததை அம்மா கேட்டதே இல்ல. ராத்திரி தூளிக் கயித்தோட ஒரு முனையைத் தன் கால் கட்டைவிரல்ல கட்டிக்கினு படுக்கும். புள்ளை நெளிஞ்சா கால் இழுக்கும், எழுந்துக்கும். அவன் மொத மொதல்ல "ம்மா"ன்னு சொன்னப்போ, "இன்னாடி சொல்றான், எப்படிடி இருக்குது அவன் குரல்?"ன்னு என்னை உலுக்கிக் கேட்டுதாம். எனக்கு அப்போ இன்னா தெரியும், பூனை மாதிரி கீதுன்னு சொன்னேனாம்.

அந்தப் பூனைக்குட்டி வளந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலைக்குப் போச்சு. மெஷின் பழுது பாக்கற மெயின்டனன்ஸ் வேலை. அவன் காதுதான் அவன் சோறு. நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஓடற மெஷின் மேல வெச்சு, பிடியைக் காதுல அழுத்திக்கினு கண்ணை மூடிக் கேப்பான். எந்த பேரிங் போவப் போவுது, எது இன்னும் தாங்கும்னு சொல்லிடுவான். சூப்பர்வைசரே வூட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டதுண்டு. ஆனா பெர்மனன்ட் ஆவல. இந்த வருஷம் ஆயிடும்னு சொல்லிக்கினு இருந்தாங்க.

கல்யாணமும் தள்ளிப் போச்சு. பொண்ணு வூட்டுக்காரங்க வருவாங்க, காபி குடிப்பாங்க, தரையில மிதிச்சாத்தான் அம்மா திரும்பறதைப் பாப்பாங்க, போய்ச் சொல்லி அனுப்பறோம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வம்சத்துல செவிடு இருக்குது, நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வந்துட்டா இன்னா பண்றதுன்னு பேச்சு. எனக்கு மட்டும் அந்தத் தொல்லை வரல. பொண்ணு தானே, வேற வூட்டுக்குப் போறவ. அவ அம்மாவுக்குக் காது கேட்டா இன்னா, கேக்கலன்னா இன்னா. அப்படித்தான் எங்க ஜனங்க கணக்கு.

எண்பதுகளோட கடைசியில ஒரு பங்குனி மாசம் தம்பிக்கு இருமல் வந்துது. சாயங்காலம் ஆனா ஜுரம். படம் புடிச்சுப் பாத்துட்டு டி.பி.ன்னு சொன்னாங்க. அப்பா, அம்மா, தம்பி மூணு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தாங்க. மாத்திரையும் ஊசியும் எழுதிக் குடுத்தாங்க. ஊசியை மட்டும் எங்க ஊர்ப்பக்கம் சைக்கிள்ல சுத்தற கம்பவுண்டர் ஒருத்தரு சாயங்காலம் வூட்டுக்கே வந்து போட்டுட்டுப் போவாரு. அம்மா பொழைச்சுது, பெரியம்மா பொழைச்சாங்க, தம்பியும் பொழைச்சுப்பான்னு எல்லாரும் தைரியமா இருந்தோம்.

ஊசி ஆரம்பிச்சு ஒரு வாரம் போயிருக்கும். மணிமங்கலத்துக்கு ஒரு வெள்ளை ஜீப்பு வந்துது. அவ்வளவுதான், தெருவே காலி. ஆம்பிளைங்க ஏரிக்கரை பக்கம் ஓடிட்டாங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் புடிச்சிக்கினு போவ வந்துட்டாங்கன்னு பயம். எறங்கினது யாருன்னு பாத்தா, பட்டணத்து காலேஜ்லேர்ந்து ஒரு டாக்டரம்மா, கூட ரெண்டு படிக்கற பசங்க. டாக்டரம்மா என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவங்களா இருப்பாங்க. கண்ணாடி, காட்டன் புடவை, வெயில்ல மூஞ்சி செவந்து போய் நின்னாங்க.

நான் அப்போ பால்வாடி டீச்சர். பள்ளிக்கூடத்துல மேசை போட எடம் கேட்டு என்கிட்டதான் வந்தாங்க. ஆபரேஷன் இல்லம்மா, ஒரு சொட்டு ரத்தம் மட்டும்தான், ஜனங்களைக் கூப்பிட முடியுமான்னு கேட்டாங்க. நான் வாசல்ல நின்னு ஒரு கொரல் குடுத்தேன். ஏரிக்கரையில இருந்தவனெல்லாம் எழுந்து வந்துட்டான். டாக்டரம்மா காதைப் பொத்திக்கினு சிரிச்சாங்க.

எதுக்கு ரத்தம்னு கேட்டதுக்கு அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு மாதிரி இருக்குதாம், மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. சாப்பிடற சோத்தை சக்தியா மாத்தறது அதுதானாம். அதுக்குன்னு தனியா கொஞ்சம் டி.என்.ஏ. இருக்குது. மத்ததெல்லாம் அப்பன் பாதி ஆத்தா பாதின்னு வருமாம். இது மட்டும் அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான். அம்மாவுக்கு அவங்க அம்மாகிட்டேர்ந்து, அவங்களுக்கு அவங்க அம்மாகிட்டேர்ந்து. ரொம்பக் காலமா அப்படி வர்றப்போ அதுல அங்கங்க சின்ன மாத்தம் விழும். ஒரு சீமை ஜனங்ககிட்ட ஒரு மாதிரி, இன்னொரு சீமையில வேற மாதிரி. அதை வெச்சு எந்த ஊருத் தாய்ங்க எங்கேர்ந்து வந்தவங்கன்னு பாக்கலாமாம்.

ரத்தம் குடுக்க வந்தவங்ககிட்ட அவங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான். உங்க அம்மா எந்த ஊரு, அம்மாவோட அம்மா எந்த ஊரு. அந்த ஒரு கேள்விக்கு ஊரே தடுமாறிச்சு. ஒரு பெரியவரு தன் அப்பா, தாத்தா, அவருக்கு அப்பான்னு ஏழு தலைமுறையை மூச்சு விடாம ஒப்பிச்சாரு. அம்மாவோட அம்மா யாருன்னு கேட்டா, "ஆயாம்மா"ன்னாரு. ஆயாவுக்கு இன்னா பேருன்னா, "ஆயாதாம்மா, ஆயாவுக்கு ஏது பேரு?"ன்னாரு. பொம்பளைங்க எல்லாரும் சொந்த ஊரு மணிமங்கலம்னே சொன்னாங்க. "அட, புருஷன் ஊரைக் கேக்கல, நீ பொறந்த ஊரைச் சொல்லு"ன்னு நான் சத்தம் போட்டேன். அப்புறம் பாத்தா ஒருத்தி குன்றத்தூரு, ஒருத்தி வாலாஜாபாத், ஒருத்தி செங்கல்பட்டுக்கு அந்தாண்ட. ஆம்பிளைங்க தான் இருந்த எடத்துலயே இருந்திருக்காங்க. பொம்பளைங்கதான் ஊரு ஊரா நடந்து வந்திருக்காங்க. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியா என் கையை நீட்டினேன். "உங்க அம்மா எந்த ஊருக்கா?"ன்னாங்க.

"சேரப்பணஞ்சேரி."

"பொறந்த ஊரா?"

எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஊரையே அதட்டினவ நான், நானும் என் அம்மாவோட புருஷன் ஊரைத்தான் சொல்லியிருக்கேன். "வாலாஜாபாத் பக்கம்மா. எங்க பெரியம்மாவும் அங்கதான் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. அதான் நான் இந்தக் கத்து கத்தறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னேன்.

"பொறந்ததுலேர்ந்தா?"

"இல்லம்மா. டி.பி. வந்துச்சு, ஊசி போட்டாங்க, அப்போ போச்சு. புத்தை இடிச்ச பாவம்னு சொல்லுவாங்க."

டாக்டரம்மா ஊசியைக் கீழ வெச்சாங்க. "ரெண்டு பேருக்குமா? ரெண்டு பேருக்கும் அதே ஊசியா?"

"ஆமா."

"உங்க அம்மா வயித்துல பொறந்தவங்க வேற யாரு?"

"ஒரு தம்பி. அவனுக்கும் இப்போ அதே வியாதிதான், பாவம். தினம் சாயங்காலம் ஊசி போட்டுக்கினு இருக்கான்."

இதை நான் எவ்வளவு சாதாரணமாச் சொன்னேன்னு இப்போ நெனைச்சாலும் உடம்பு சிலிர்க்குது. அவங்க எழுந்த வேகத்துல நாற்காலி சாஞ்சுது.

"அக்கா, எனக்கு நிச்சயமாத் தெரியாது. வேற தேசத்துல இந்த மாதிரி சில குடும்பங்க இருக்கறதா படிச்சிருக்கேன். அந்த ஊசி எல்லாருக்கும் நல்லதுதான். ஆனா சில அம்மாக்களோட வழியில வந்தவங்களுக்கு மட்டும் காதைக் கொன்னுடும். போனா திரும்ப வராது. உங்க தம்பிக்கு இன்னிக்கு ஊசி போட்டாச்சா?"

மணியைப் பாத்தேன். வெயில் எறங்கிக்கினு இருந்துது. கம்பவுண்டர் கெளம்பற நேரம்.

"ஜீப்புல ஏறுங்க"ன்னாங்க டாக்டரம்மா. பையன் ஒருத்தன், "மேடம், ஐஸ் உருகிடும், ரத்தமெல்லாம் கெட்டுடும்"ன்னான். "உருகினா உருகட்டும்டா"ன்னாங்க. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவங்களை மறக்க மாட்டேன்.

படப்பை தாண்டற வரைக்கும் ஜீப்பு பறந்துது. சேரப்பணஞ்சேரி எல்லை கிட்ட ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பி வெச்சிருந்தாங்க. வண்டிங்க ஏறி மிதிச்சா கொள்ளு உதிரும், ஆளுக்கு வேலை மிச்சம். மத்த நாள்ல நானே அதைச் செய்யறவதான். அன்னிக்குப் பாத்து அந்தச் செடி ஜீப்பு சக்கரத்துல சுத்திக்கினு வண்டி நின்னுடுச்சு. டிரைவர் எறங்கி இழுக்கறதுக்குள்ள எனக்குப் பொறுமை இல்ல. செருப்பை அங்கயே வுட்டுட்டுப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கினு ஓடினேன். பால்வாடி டீச்சர் ஓடற ஓட்டத்தைப் பாத்து மாடு மேய்க்கறவங்கல்லாம் வழி வுட்டாங்க.

தெரு முனைக்கு வரும்போதே கம்பவுண்டர் சைக்கிள் எங்க வாசல்ல நிக்கறது தெரிஞ்சுது. எங்க வூட்டு ஜன்னலுக்கு நேரா வந்துட்டேன். மூச்சு வாங்கிச்சு. அங்கயே நின்னு, பொறந்ததுலேர்ந்து சேத்து வெச்ச கொரலையெல்லாம் சேத்துக் கத்தினேன்.

"யோவ், ஊசி போடாதே! ஊசி போடாதே!"

தெருவுல இருந்த நாயி எழுந்து ஓடிச்சு. ஜன்னல் வழியா பாத்தா, தம்பி கயித்துக் கட்டில்ல குப்புறப் படுத்திருக்கான். வெந்நீர்ல கொதிச்ச ஊசியில மருந்தை ஏத்திக்கினு கம்பவுண்டர் நிக்கறாரு. அப்பா பக்கத்துல. நாலு பேர்ல மூணு பேரு திரும்பினாங்க. அம்மா திரும்பல, அது வெந்நீர்ச் சட்டியைப் புடிச்சிக்கினு ஊசியையே பாத்துக்கினு இருந்துது. ஆனா தம்பி திரும்பினான். என் கொரலுக்குத் திரும்பினான். அதுலயே எனக்குப் பாதி உசிரு வந்துடுச்சு.

உள்ள போயி அப்படியே தரையில உக்காந்துட்டேன். கம்பவுண்டருக்குக் கோவம். "இன்னாமா நீ, டாக்டர் எழுதிக் குடுத்தது. நடுவுல நிறுத்தினா வியாதி முத்திப்புடும், தெரியுமா?" அவரு சொன்னதும் நெசம்தான். அப்பா என்னைப் பாத்தாரு, ஊசியைப் பாத்தாரு, ஒண்ணும் புரியாம நின்னாரு. அதுக்குள்ள டாக்டரம்மா வேர்த்து விறுவிறுக்க, என் செருப்பைக் கையில தூக்கிக்கினு வந்து சேந்தாங்க.

அவங்க தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "காதுல ஏதாவது சத்தம் கேக்குதா?"

தம்பி தலையைக் குனிஞ்சுக்கினான். "ரெண்டு நாளா வண்டு கத்தற மாதிரி கீது மேடம். படுத்தா ஜாஸ்தியா கீது."

"ஏன்டா சொல்லல?"ன்னு நான் அவன் முதுகுல ஒண்ணு வெச்சேன். "சொன்னா ஊசியை நிறுத்தி லீவை நீட்டிப்புடுவாங்கன்னு பயந்துட்டேன்க்கா. வேலை போயிடுமே"ன்னான். காது போனா வேலை இருக்குமாடா படுபாவின்னு கேட்டேன். கம்பவுண்டரு ஊசியைப் பொட்டிக்குள்ள வெச்சு மூடிட்டாரு.

மறுநாள் காலையில டாக்டரம்மாவே ஜீப்பு எடுத்துக்கினு வந்தாங்க. எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த டாக்டரு வயசானவரு, பொறுமையானவரு. டாக்டரம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாரு. அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு அப்பாவைப் பாத்தாரு.

"பெரியவரே, மொத நாளே நான் உங்களைக் கேட்டேனே. குடும்பத்துல யாருக்காவது காது கோளாறு இருக்கான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்கன்னு சொன்னேன். நெசம்தானுங்களே. எங்கப்பா, எங்க பெரியப்பா, பங்காளிங்க, யாருக்குமே கெடையாது."

டாக்டரு அம்மாவைக் காட்டினாரு. அம்மா பெஞ்சு மேல பிளாஸ்கை மடியில வெச்சிக்கினு, எங்க எல்லாரோட உதட்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினு இருந்துது. "இவங்க யாரு?"

"என் சம்சாரமுங்க."

"இவங்களுக்குக் காது?"

"கேக்காதுங்க. ஆனா இவ வேற வூட்டுலேர்ந்து வந்தவ தானுங்களே."

டாக்டருக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. மொத நாளும் அம்மா இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்துச்சாம். முப்பது வருஷத்துக்கு மேல அவரோட குடும்பம் நடத்தி, ரெண்டு புள்ளை பெத்து, அவருக்குச் சோறாக்கிப் போட்டுக்கினு இருக்குது. குடும்பத்துல யாருக்காவது காது கேக்கலையான்னா, பக்கத்துல இருக்கற அம்மா அவரு கண்ணுலயே படல. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே அவரைக் கிழிச்சிருப்பேன். ஆனா அவரு மூஞ்சியைப் பாத்தா, பொய் சொன்ன மூஞ்சி இல்ல அது. எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். நேத்திக்கு மணிமங்கலத்துல ஏழு தலைமுறை ஒப்பிச்ச பெரியவரும் அதைத்தான் சொல்லியிருப்பாரு.

சீட்டுல ஊசின்னு எழுதினதை அடிச்சிட்டு, வேற மாத்திரை எழுதினாங்க. சேப்பு நெறத்துல பெரிய பெரிய மாத்திரை. சிறுநீரெல்லாம் ஆரஞ்சு கலரா போவும், பயப்படாதேன்னு தம்பிகிட்ட சொல்லி அனுப்பினாங்க. வியாதியைப் பத்திக் கவலை இல்ல, இது நல்ல மருந்து, கேக்கும்னாரு டாக்டரு. காதைப் பத்திக் கேட்டப்போ மட்டும் அப்படி உறுதியாச் சொல்லல. "ஊசி நின்ன அப்புறமும் சில பேருக்குக் குறையலாம். நின்னாலும் நிக்கலாம். கொஞ்ச நாள் பாப்போம்"ன்னாரு.

வெளிய வந்து நான் டாக்டரம்மாவை ஓரமா இழுத்தேன். தம்பிக்குக் கல்யாணம் ஆனா அவன் புள்ளைங்களுக்கு இது வருமான்னு கேட்டேன்.

"வராதுக்கா. அவருக்கு உங்க அம்மாகிட்டேர்ந்து வந்துது. அவரோட நின்னுடும். அவரு புள்ளைங்களுக்கு அவங்க அம்மாவோடதுதான் போவும்."

எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துது. எத்தனை பொண்ணு வூட்டுக்காரங்க காபி குடிச்சிட்டுப் போனாங்க! அப்புறம்தான் உறைச்சுது. "அப்போ எனக்கு? எனக்கு ஒரு பொண்ணு இருக்காளே?"

"உங்களுக்கு இருக்கும். உங்க பொண்ணுக்கும் இருக்கும்."

ஊரு போட்ட கணக்கு அப்படியே தலைகீழா நின்னுது. வேற வூட்டுக்குப் போறவன்னு என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. என்கிட்டதான் இருக்குது, என் பொண்ணுகிட்ட இருக்குது. என் மூஞ்சி மாறினதைப் பாத்து டாக்டரம்மா என் கையைப் புடிச்சாங்க. "பயப்பட ஒண்ணும் இல்லக்கா. இது சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. அந்த ஊசியும் அந்த ஜாதி மருந்தும் போடாம இருந்தாப் போதும். உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல? தெரியாம இருந்தாத்தான் ஆபத்து." தெரிஞ்சிடுச்சு, ஆமா. அழுகையும் வந்துது, நிம்மதியும் வந்துது. எது மொதல்ல வந்துதுன்னு எனக்கே தெரியாது.

வூட்டுக்கு வந்து அப்பா வாசல்லயே வெத்தலையைத் துப்பினாரு. வாயைக் கொப்பளிச்சாரு. அம்மா முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, வாயை நல்லாத் தொறந்து, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு. "தப்பு பண்ணிட்டேன். கேட்டதும் உன்னைத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும்." சண்டை வர்ற பேச்சை அப்பா வெத்தலை இல்லாம பேசினதை அன்னிக்குத்தான் பாத்தேன். அம்மா அவரைத் திட்டல. என்னைப் பாத்து, "அப்போ புத்து?"ன்னுது.

"புத்தும் இல்ல, கித்தும் இல்ல. ஊசிம்மா. ஊசியும், ஆயாகிட்டேர்ந்து உனக்கு வந்ததும் சேந்துதான்."

அம்மா, "எங்கப்பன் செத்தப்போகூட நான் ஒழுங்கா அழலடி"ன்னுது. அவ்வளவு வருஷம் கழிச்சு தன் அப்பனுக்காக அன்னிக்கு உக்காந்து அழுதுது. அழுது முடிச்சிட்டு, "புள்ளைக்கு நான்தான் குடுத்துட்டேனா?"ன்னு கேட்டுது. நீ அவனுக்கு மூக்கைக் குடுத்த, முடியைக் குடுத்த, தெரிஞ்சா குடுத்த, வாயை மூடும்மான்னு அதட்டினேன். ஆனா அது மனசு கேக்கல.

மறுநாள் காலையிலேர்ந்து ஆரம்பிச்சுது ஒரு கூத்து. தம்பி கூழைக் குடிக்க உக்காந்தா, அம்மா பின்னாடி பூனை மாதிரி வந்து, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால டங்குன்னு ஒரு போடு போடும். தட்டுற சத்தம் அதுக்குக் கேக்காது. அவன் தோள் துள்ளுதா, தலை திரும்புதான்னு அதையே கண்ணு கொட்டாம பாக்கும். அவன் திரும்பினா போயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னும் தள்ளி நின்னு தட்டும். அப்புறம் கொல்லையிலேர்ந்து தட்டிட்டு ஓடி வந்து, "திரும்பினானா?"ன்னு என்னைக் கேக்கும். ஒரு நாள் வெளையாட்டுக்கு அவன் வேணும்னே திரும்பாம உக்காந்திருந்தான். அம்மா கையிலேர்ந்து தட்டு கீழ விழுந்துது. அதோட மூஞ்சியைப் பாத்து அவனே பயந்துட்டான். நான் வுட்ட அறையில அன்னிக்கு அவனுக்கு ரெண்டு வண்டு சேந்து கத்தியிருக்கும்.

வண்டு மெல்ல மெல்ல அடங்கிச்சு. மொதல்ல ராத்திரி மட்டும் கத்திச்சு, அப்புறம் எப்பவாவது. இருமல் போச்சு, ஒடம்பு தேறிச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு முனை இருக்கற ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதுகிட்ட வெச்சு, சத்தம் கேக்குதான்னு பாத்துட்டு, நல்லாருக்குன்னாங்க. கம்பெனியில திரும்பச் சேத்துக்கினாங்க. ஆனா அவங்க சொன்னா அம்மா நம்புமா? தட்டும் கரண்டியும் அது கைய வுட்டுப் போவல.

வேலைக்குத் திரும்பின வாரம் நான் பாக்கப் போயிருந்தேன். நைட் ஷிப்ட், அதுக்கு மேல ஓ.டி. வேற முடிச்சிட்டு வந்து பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறான். அம்மா வந்து தலைமாட்டுல நின்னு டங்குன்னு தட்டிச்சு. அவன் அசையல. இன்னொரு தட்டு. அசையல. அம்மா என்னைப் பாத்துது. தூக்கம்தான்னு தெரிஞ்சும் நானும் கட்டில் கிட்டப் போயி நின்னேன். மூணாவதா குனிஞ்சு, அவன் காது பக்கத்துலயே வெச்சு, கையில இருக்கற பலத்தையெல்லாம் சேத்து ஒரு போடு போட்டுது.

"யம்மா! தூங்க வுடும்மா! காது கிழியுது!"ன்னு கத்திக்கினு எழுந்து உக்காந்தான்.

தூக்கக் கலக்கத்துல அவன் வாய் கொழகொழன்னு இருந்துது போல, அம்மாவுக்கு உதடு புடிபடல. "இன்னாடி சொல்றான்?"ன்னு என்னை உலுக்கிக் கேட்டுது.

"காது கிழியுதாம்மா!"ன்னு நான் வூடே அதிரக் கத்தினேன்.

அம்மா அப்படியே கட்டில் ஓரத்துல உக்காந்துடுச்சு. சிரிச்சுது, மூக்கைச் சிந்திச்சு, முந்தானையில கண்ணைத் துடைச்சுது. "கிழியட்டும்டா கண்ணு, நல்லா கிழியட்டும்"ன்னு சொல்லிட்டு, தட்டை எடுத்து இன்னொரு தட்டு தட்டிச்சு.